குற்றத்தை ஆராயும் சபைக்குத் தலைவர் எதற்கு?

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற தவணையின் இறுதியில் எம்மிடம் ஒரு வினா எழுப்பினான். பேராசிரியர்கள் பெருந்தொகையாகக் கூடிக் குற்றங்களைப் பற்றி நாட்கணக்கில் ஆராயும் அமெரிக்க மகாநாடு ஒன்றைக் குறித்து அவன் எங்கோ வாசித்திருந்தான். "ஐயா, கள்வனைப் பிடிப்பவர் பொலிசார், தண்டிப்பவர் நீதவான், அடைத்து வைப்பவர் சிறையதிகாரி. பேராசிரியர்கள் கூடிப் பேசுவதால் ஒரு களவாவது குறையுமா? அப்படிக் கூடுவோருக்குத் தலைவரென்று ஒருவர் வேறு எதற்கு?" என்பதே அவன் வினா.

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். "விடுமுறை கழிந்ததும் மறுமொழி சொல்லுவோம், தம்பி" என்று கூறி அவனை அனுப்பிவிட்டோம். ஆயினும் வீடு சென்ற பின்பும் அவ்வினா எம்மை விட்டகலவில்லை. விளையாட்டாகக் கேட்கப்பட்டதெனினும் அதனுள் நியாயம் இருந்தது. அவனுக்குரிய மறுமொழியையே, அவனையொத்த மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் படிக்கும் வண்ணம், இங்கே எழுதுகின்றோம்.

சபையும் சந்தாவும்

நீதிமன்றம் கேட்பது, "இவன் இக்குற்றத்தைச் செய்தானா?" என்னும் ஒரே கேள்வியை. குற்றவியல் என்னும் துறை வேறு கேள்விகளைக் கேட்கின்றது. இவன் ஏன் செய்தான்? இவனைப் போன்றே வறுமையில் வளர்ந்த அயல் வீட்டுப் பிள்ளை ஏன் செய்யவில்லை? தண்டித்த பின் இவன் திருந்தினானா? திருத்துவதற்கென நாம் செய்த காரியம் உண்மையில் திருத்தியதா? இவை ஒரு வழக்கில் ஒரு நாளில் விடை காணக்கூடிய கேள்விகளல்ல. பல ஆண்டுகள் பலருடைய வாழ்க்கையைப் பொறுமையோடு பின்தொடர்ந்தே விடை காணல் வேண்டும்.

இத்துறை அறிஞர்களுக்கென அமைந்த சபைகளுட் பெரியவற்றுள் ஒன்று அமெரிக்கக் குற்றவியற் சபை. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஏதேனும் ஒரு நகரில் அதன் மகாநாடு கூடுகின்றது. அது இலாபம் பகிராத ஸ்தாபனம். அங்கத்தவர் செலுத்தும் சந்தாவும் மகாநாட்டுக்கு வருவோர் கட்டும் கட்டணமும் அதன் வருமானங்களுள் முக்கியமானவை. மிஞ்சும் பணத்தை எவரும் பங்கு போட்டுக் கொள்வதில்லை. அது சபையின் வேலைக்கே திரும்பிச் செல்லும்.

மகாநாடு நடக்கும் முறையைச் சொன்னால் எம் மாணவர்களுக்குச் சுவையாயிருக்கும். ஆராய்ச்சியாளர் தாம் பேச விரும்பும் பொருளின் சுருக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்புகின்றனர். நிகழ்ச்சிக் குழு அவற்றைத் தெரிந்து, ஒத்த பொருளுள்ளவற்றை மூன்று நான்காகச் சேர்த்து, ஒவ்வோர் அமர்வாக வகுக்கின்றது. ஒவ்வோர் அமர்வுக்கும் ஓர் அக்கிராசனர் உண்டு. அவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒருவருடைய நேரத்தை மற்றவர் விழுங்காதவாறு காக்கின்றார். கட்டுரைகள் முடிந்ததும் சபையிலிருப்போர் கேள்வி கேட்பர். நேற்றுப் பட்டம் பெற்ற மாணவி, நாற்பது ஆண்டு படிப்பித்த பேராசிரியரை மறித்து, "உங்கள் கணக்கு இந்த இடத்திற் பிழையன்றோ?" என்று கேட்கலாம். அவர் மறுமொழி சொல்லியே ஆக வேண்டும்.

இச்சபையின் தலைவர் அங்கத்தவரின் வாக்கினால் தெரிவு செய்யப்படுகின்றார். ஓராண்டு காலம் வருங்காலத் தலைவராக இருந்து வேலை பழகி, அடுத்த ஓராண்டு தலைமை வகித்து, பின்பு தம் வகுப்பறைக்குத் திரும்பிவிடுகின்றார். சட்டம் இயற்றும் அதிகாரம் அவருக்கில்லை. பொலிசாருக்கோ நீதிபதிக்கோ சிறையதிகாரிக்கோ கட்டளையிட அவரால் முடியாது. ஆயினும் இரண்டு காரியங்கள் அவர் கையில் உள்ளன. மகாநாட்டின் நிகழ்ச்சிகளை யார் வகுப்பது, எப்பொருளை முன் வைப்பது என்பவற்றில் அவர் சொல்லுக்கு இடமுண்டு. அன்றியும், தலைமைப் பேருரையில் எதைச் சொல்வதென்பதை அவரே தீர்மானிக்கின்றார். அப்பேருரை சபையின் சஞ்சிகையில் அச்சேறி, அவ்வறிஞர் உலகம் முழுவதும் பரவுகின்றது.

இவ்வளவு சிறிய அதிகாரத்தைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை மூவருடைய கதைகளால் விளக்குவோம்.

தபாற்காரர் கூட்டிய அவை

1941ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30ஆந் திகதி. பேர்ள் துறைமுகத்தின் மீது யப்பானியர் குண்டு வீசி மூன்று வாரங்களே கழிந்திருந்தன. கலிபோர்னியா மாநிலத்துப் பேர்க்கிலி நகரில், ஓகஸ்ட் வோல்மர் என்பவரின் இல்லத்திற் சிலர் கூடினர். கல்லூரிகளிற் பொலிசாருக்குப் பயிற்சி அளிப்போருக்கென ஒரு சங்கம் நிறுவுவது அவர்கள் நோக்கம்.

அவ்வீட்டுக்காரரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். வோல்மர் 1876இல் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பிறந்தவர். ஆரம்பப் பாடசாலைக்கு மேல் முறையாக அதிகம் கற்றவரல்லர். 1898இல் மூண்ட ஸ்பானிய அமெரிக்கப் போரிற் பிலிப்பைன்ஸ் சென்று போராடித் திரும்பியபின், பேர்க்கிலியிலே தபாற்காரராகக் கடிதம் விநியோகித்து வந்தார். 1905இல் ஊர் மக்கள் அவரைக் காவற் பொறுப்புக்குத் தெரிவு செய்தனர். 1909இல் அந்நகரின் பொலிஸ் அதிபரானார். காவலரைச் சைக்கிளிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் ஏற்றியவர் அவர். கைதியை அடித்து வாக்குமூலம் வாங்கும் வழக்கத்தை எதிர்த்தவர். சர்வகலாசாலை மாணவர்களைத் தேடிப்பிடித்துப் பொலிஸ் வேலைக்குச் சேர்த்தவர். தடியையும் உரத்த குரலையுமே காவலனுக்குரிய இலக்கணமாகக் கொண்ட காலத்தில் இது புதுமையாயிருந்தது.

கல்லூரி வாசலை மிதியாத அவரையே பின்னாளிற் சிக்காகோ சர்வகலாசாலையும் கலிபோர்னியாச் சர்வகலாசாலையும் அழைத்துப் பேராசிரியராக அமர்த்தின. அவர் வீட்டிற் பிறந்த சங்கத்துக்கு முதல் தலைவரானவர் ஓ. டபிள்யூ. வில்சன் என்பவர். வோல்மரின் கீழ்க் காவலராயிருந்து, அவர் தூண்டுதலாற் கல்வியிலுயர்ந்து, சர்வகலாசாலைப் பேராசிரியரானவர் அவர்.

போரினால் தளர்ந்த சங்கம் 1946இல் மீண்டும் தலையெடுத்துக் குற்றவியல் வளர்ச்சிச் சபை என்று பெயர் மாறிற்று. 1957இல் அமெரிக்கக் குற்றவியற் சபை என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. பெயரோடு அவையின் கேள்வியும் மாறிற்று. காவலனை எப்படிப் பயிற்றுவது என்று தொடங்கியவர்கள், குற்றம் ஏன் பிறக்கின்றது என்பதற்கு வந்து சேர்ந்தனர். இம்மாற்றம் எல்லாருக்கும் உவப்பாயிருக்கவில்லை. பொலிஸ் கல்வியையே முதன்மையாகக் கருதிய பேராசிரியர்கள் 1963இல் தமக்கென வேறொரு சங்கம் அமைத்துக் கொண்டனர். அச்சங்கமும் இன்றுவரை நிலைத்து மகாநாடு நடத்தி வருகின்றது. பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் அழிக்க முயலாது இரண்டு அவைகளாக வளர்ந்தமை எம்மவர் சங்கங்கள் கவனிக்கத்தக்கது.

தலைமைப் பீடத்திலிருந்து ஒரு குற்றச்சாட்டு

இரண்டாவது கதை வோல்மர் வீட்டுக் கூட்டத்துக்கு ஈராண்டு முந்தியது; வேறோர் அவையில் நிகழ்ந்தது. 1939ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் அமெரிக்கச் சமூகவியற் சங்கம் பிலடெல்பியா நகரிற் கூடிற்று. அவ்வாண்டு அதன் தலைவர் எட்வின் சதர்லாந்த் என்னும் பேராசிரியர். பொருளியலறிஞரும் உடன் அமர்ந்திருந்த அவையில் அவர் தலைமைப் பேருரை நிகழ்த்தினார்.

அக்காலத்துக் குற்றவியலார் பெரும்பாலோர் சிறைச்சாலைக் கணக்கையும் சிறுவர் நீதிமன்றக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, வறுமையும் குலைந்த குடும்பமுமே குற்றத்துக்குக் காரணம் என்று எழுதி வந்தனர். சதர்லாந்த் கேட்டது இதுதான்: சிறைக்குச் செல்பவர் பெரும்பாலும் ஏழைகளாயிருக்கையில், சிறைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குக் குற்றம் ஏழைகளின் இயல்பாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்? பெரிய கம்பனிக்காரர் பொய் விளம்பரத்தாலும் கள்ளக் கணக்காலும் கையூட்டாலும் மக்களிடம் பறிக்கும் பணம், கன்னக்கோல் வைப்பவன் திருடுவதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆயின் அவர்களுடைய குற்றங்களை ஆணைக்குழுக்களும் விசாரணைச் சபைகளும் மென்மையாகத் தீர்த்து வைக்கின்றன. அதனால் அவை சிறைக் கணக்கில் ஏறுவதேயில்லை. கந்தோரில் வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு அமர்ந்திருப்போர் செய்யும் இக்குற்றத்துக்கு அவர் ஒரு பெயரும் இட்டார். வெள்ளைச் சட்டைக் குற்றம் என்று அதனை நாம் தமிழிற் சொல்லலாம்.

தம் முன்னே இருந்த அறிஞர்கள் கட்டியெழுப்பிய கொள்கைகளின் அத்திவாரமே கோணலானது என்று, அவர்கள் தந்த ஆசனத்திலிருந்தே அவர் சொன்னார்.

பத்தாண்டுகளின் பின், 1949இல், அவர் அதனை நூலாக வெளியிட்டார். பெரிய கம்பனிகள் 70ஐ எடுத்து ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணைக்குழுக்களும் வழங்கிய தீர்ப்புக்கள் 980 என்று கணக்கிட்டார். சராசரியாகக் கம்பனிக்குப் 14 தீர்ப்புக்கள். ஒரு கம்பனியாவது தப்பவில்லை. ஆனால் மானநட்ட வழக்குக்கு அஞ்சிய பதிப்பாளர் கம்பனிகளின் பெயர்களை நீக்கச் சொல்லவே, பெயர்களின்றியே நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சதர்லாந்த் காலமானார். பெயர்களோடு கூடிய முழு நூல் 1983இலே தான் யேல் சர்வகலாசாலையின் பதிப்பாக வெளிவந்தது. அச்சுக்கூடம் 34 ஆண்டுகள் தயங்கிற்று. அறிஞர் அவையின் மேடையோ அவர் வாயை அடைக்கவில்லை. குற்றவியற் சபை பிற்காலத்தில் அவர் பெயரால் ஒரு விருதையும் ஏற்படுத்திற்று.

நன்மை செய்யப் புகுந்தோர்

மூன்றாவது கதையே எம் மனத்தை அதிகம் தைத்தது. ஆசிரியரும் பெற்றோரும் சிறிது பொறுமையோடு படிக்க வேண்டுகின்றோம்.

மசாசுசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கருகில், கேம்பிரிட்ஜ், சொமர்வில் என இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. ஹாவார்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் றிச்சர்ட் கபொட் என்பார், அவ்வூர்களின் எளிய பகுதிகளில் வளரும் சிறுவர்கள் குற்றத்தில் விழாமற் காக்க ஒரு திட்டம் வகுத்தார். அன்புள்ள பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு நீண்ட காலம் துணை நின்றால் அவன் நல்வழிப்படுவான் என்பது அவர் நம்பிக்கை. எமது நம்பிக்கையும் அதுவே அன்றோ!

மருத்துவராதலால் அவர் ஒரு நுட்பமும் செய்தார். வயதாலும் குடும்ப நிலையாலும் சூழலாலும் குணத்தாலும் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராக இணைத்தார். ஒவ்வோர் இணையிலும் எவனுக்கு உதவி கிடைக்கும் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். இறுதியில் 253 இணைகள், அதாவது 506 சிறுவர்கள், ஆராய்ச்சியில் நிலைத்தனர். 1939இல் வேலை தொடங்கிற்று. கபொட் அவ்வாண்டே இறந்தாரெனினும் வேலை நிற்கவில்லை. ஆலோசகர் சராசரியாக மாதம் இருமுறை பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றனர். பலருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தனர். நோயுற்றோருக்கு வைத்தியம் பார்ப்பித்தனர். கோடை விடுமுறை முகாம்களுக்கு அனுப்பினர். சராசரியாக ஐந்து ஆண்டுகள் இவ்வுதவி நீடித்தது. மற்றைய 253 பேருக்கும் ஒன்றும் செய்யப்படவில்லை.

1951இல் வெளிவந்த முதல் ஆராய்ச்சி நூல், இரு பகுதியாருக்குமிடையிற் குற்றத்தைப் பொறுத்தவரை வேறுபாடு காணப்படவில்லை என்றது. சிறு பிராயத்தில் விதைத்தது முதிர்ந்த பின்பு பலன் தரும் என்று பலர் தேறுதல் கொண்டனர்.

ஜோன் மக்கோர்ட் என்னும் பெண்மணி அத்தேறுதலோடு நிற்கவில்லை. திட்டம் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின், சிறுவராயிருந்து நடுவயதினராகிவிட்ட அந்த 506 பேரையும் அவர் தேடத் தொடங்கினார். நூற்றுக்கு 95 பேர் வரையிற் கண்டுபிடிக்கப்பட்டனர். உதவி பெற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர், அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றே கூறினர். சிலர் தம் பழைய ஆலோசகரை அன்போடு நினைவு கூர்ந்தனர். இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் வெற்றி விழாக் கொண்டாடியிருக்கலாம்.

மக்கோர்ட் அம்மையார் நீதிமன்ற ஏடுகளையும் வைத்தியசாலை ஏடுகளையும் மரணப் பதிவுகளையும் புரட்டினார். 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களே ஏழு வகையிற் கீழ்நிலையிற் காணப்பட்டனர். முதற் குற்றத்தின் பின் மீண்டும் குற்றஞ் செய்தோர் அவர்களுள் அதிகம். மதுவுக்கு அடிமையானோர் அதிகம். கடும் மனநோய்க்கு ஆளானோர் அதிகம். இளம் வயதில் இறந்தோர் அதிகம். மன அழுத்தத்தோடு தொடர்புற்ற இரத்த அழுத்தம், இருதய நோய் முதலியன உற்றோர் அதிகம். மதிப்புக் குறைந்த தொழிலில் அமர்ந்தோர் அதிகம். தம் தொழிலில் மனநிறைவு இல்லாதோரும் அதிகம். ஒன்றும் செய்யாது விடப்பட்ட பிள்ளைகள் இவை அனைத்திலும் மேலாயிருந்தனர்.

காரணம் யாது? பிறர் உதவியைச் சார்ந்து நிற்கும் பழக்கம் ஏற்பட்டிருக்கலாம்; உலகம் நிறைவேற்றாத எதிர்பார்ப்புக்கள் மனத்தில் எழுந்திருக்கலாம் எனப் பல கருத்துக்களை அம்மையார் முன்வைத்தார். 1999இல் வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு தடயத்தைச் சுட்டினார். கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடமே தீமை பெரிதுங் காணப்பட்டது. பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு ஓரிடத்திற் சேர்த்த பிள்ளைகள், ஒருவரிடமிருந்து மற்றவர் எதைக் கற்றார்களோ!

இத்தகைய முடிவு அதனுடன் நின்றுவிடவில்லை. நியூ ஜேர்சி மாநிலத்தில், தவறு செய்யும் சிறுவரைச் சிறைக்குள்ளே அழைத்துச் சென்று, ஆயுட் கைதிகளைக் கொண்டு அச்சுறுத்தும் முறையொன்று இருந்தது. 1978இல் வெளிவந்த அதைப் பற்றிய திரைப்படம் ஒஸ்கார் பரிசும் பெற்றது. ஊரெங்கும் அதனைப் புகழ்ந்தனர். பின்னர் அதனையொத்த ஒன்பது சோதனைகளை அறிஞர் ஒருங்கு வைத்து நோக்கியபோது, அச்சுறுத்தப்பட்ட சிறுவரே, ஒன்றும் செய்யப்படாதவரைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கினர் என்பது தெரியவந்தது.

கசப்பைச் சொன்னவருக்குத் தலைமை

இங்கேதான் எம் மாணவனின் வினாவுக்கு விடை கிடைக்கின்றது.

1978இல் அம்மையார் கொணர்ந்த செய்தி யாருக்கும் இனிப்பதன்று. குற்றத்தைத் தடுக்க உழைப்போர் அனைவருடைய உழைப்பையும் அது கேள்விக்குள்ளாக்கிற்று. வேறு சபையாயின் அவரை ஓரத்தில் இருத்தியிருப்பர். அமெரிக்கக் குற்றவியற் சபையோ அவரைத் தன் தலைவராகத் தெரிவு செய்தது. 1989ஆம் ஆண்டு மகாநாட்டில் அவர் தலைமைப் பேருரை நிகழ்த்தினார். அச்சபைக்குத் தலைமை வகித்த முதற் பெண்மணி அவரே. வோல்மர் வீட்டிற் கூடிய நாளிலிருந்து ஒரு பெண் அவ்வாசனத்துக்கு வர 48 ஆண்டுகள் சென்றன என்பதையும் மறைத்தலாகாது. அறிஞர் சபைகளும் தம் குறைகளை மெல்லவே காண்கின்றன.

அம்மையார் 2004இற் காலமாகும் வரை ஒன்றையே வற்புறுத்தி வந்தார். மருந்தைப் போலவே சமூகத் தொண்டும் நன்மை செய்யலாம், தீமையும் செய்யலாம்; ஆகவே மருந்தைப் போலவே அதனையும் சோதித்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். நல்ல எண்ணம் நல்ல பலனுக்கு உறுதியன்று.

இதனைப் படித்தபோது எமக்கு நக்கீரர் நினைவு வந்தது. தருமிக்காக இறைவனே இயற்றித் தந்த பாட்டாயினும் அதிற் குற்றங் கண்டவர் அவர் என்பது திருவிளையாடற் கதை. சங்கத்துக்குப் பெருமை தந்தது பொற்றாமரைக் குளமன்று; அரசன் முன்னும் ஆண்டவன் முன்னும் பிழையைப் பிழையென்று சொல்ல ஓர் இடம் அங்கே இருந்தமையே. அவ்விடத்தைக் காப்பதே தலைவரின் தொழில்.

எமது சீர்திருத்த வகுப்பு

பிறர் கதையைச் சொல்லி எம் கதையை மறைத்தல் முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த கல்லூரியொன்றிற் குழப்படிகாரர் எனப் பெயரெடுத்த மாணவர் பதினொருவரைத் தெரிந்து, பாடசாலை விட்ட பின் தனி வகுப்பு நடத்தினோம். அக்காலத்தில் நாம் இளைஞர்; உற்சாகம் மிக்கவர். தேநீரும் பணிசும் கொடுத்தோம், கதை சொன்னோம், கணக்குப் படிப்பித்தோம். பிள்ளைகள் ஒரு நாளும் தவறாமல் வந்தனர். பெற்றோர் நன்றி கூறினர். பரிசளிப்பு விழாவில் அதிபரின் அறிக்கை எம்மைப் பாராட்டிற்று.

அப்பதினொருவருள் ஒருவன் செய்த பிழை நேரம் பிந்தி வருவது மட்டுமே. தாயில்லாத பிள்ளை, தம்பியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு வருவான். அவ்வகுப்பிலே தான் அவனுக்குப் புதிய நண்பர்கள் கிடைத்தனர். ஆண்டு முடியுமுன் மதில் பாய்ந்து படம் பார்க்கப் பழகினான், சுருட்டுப் பழகினான், அடுத்த ஆண்டு பாடசாலைக்கே வராது நின்றுவிட்டான். நாம் அவனுடைய வரவுப் பதிவேட்டைப் பார்த்து வருந்தினோம். "எவ்வளவு செய்தும் இவன் திருந்தவில்லையே" என்றுதான் நினைத்தோம். எம் வகுப்பைப் பற்றி ஐயம் எழவேயில்லை.

எம் வகுப்பினாலேயே அவன் கெட்டான் என்று சொல்ல எம்மிடம் சான்றில்லை. அதனாற் கெடவில்லை என்று சொல்லவும் சான்றில்லை. அவனையொத்த இன்னொரு பிள்ளையை, எம் வகுப்புக்கு வராத பிள்ளையை, நாம் கணக்கெடுக்கவில்லை. பதினொருவர் பின்பு என்ன ஆயினர் என்று ஒரு தாளில் எழுதியும் வைக்கவில்லை. விழாவிற் கிடைத்த கைதட்டலே எமக்குப் போதிய சான்றாயிற்று. கபொட் மருத்துவர் 506 பெயர்களை எழுதி வைத்திருந்தபடியாலன்றோ, முப்பது ஆண்டு கழித்து ஒரு பெண்மணி உண்மையைக் கண்டாள்! தம் திட்டம் தோற்கும் வழியைத் தாமே திறந்து வைத்துச் சென்ற அம்மருத்துவரின் நேர்மையை எண்ணுந்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

எம் ஊர்களிற் சங்கங்களுக்குக் குறைவில்லை. சன்மார்க்க சபை, சனசமூக நிலையம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என ஒவ்வொன்றுக்கும் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி உண்டு. ஆண்டறிக்கையில் வெற்றிகள் வரிசையாக வாசிக்கப்படும். "இவ்வாண்டு நாம் முயன்று தோற்றது யாது? எம்மால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா?" என்ற கேள்வியை நிகழ்ச்சி நிரலிற் சேர்த்த தலைவரை நாம் இன்னும் கண்டிலோம். நாமும் அப்படிச் செய்ததில்லை.

ஆகவே, தம்பி, உன் வினாவுக்கு மறுமொழி இது. பேராசிரியர்கள் கூடிப் பேசியதால் இன்றிரவு நடக்கவிருக்கும் களவு நின்றுவிடாது. ஆயினும் பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று சொல்லி அவர்களைக் கெடுக்கும் வழியொன்று, அவர்கள் பேசாதிருந்தால், இன்னும் பல்லாண்டு கைதட்டலோடு நடந்திருக்கும். பொலிசாரும் நீதவானும் சிறையதிகாரியும், ஆசிரியராகிய நாமும், செய்வது சரியா என்று கேட்பதற்கு எங்கேனும் ஓர் அவை வேண்டும். அந்த அவையிற் கேட்கக் கூசும் கேள்வியும் கேட்கப்படும்படி பார்த்துக் கொள்ள ஒருவர் வேண்டும். அவரையே தலைவர் என்கின்றோம்.

எம் கல்லூரி உயர்தர மாணவர் மன்றம் வெள்ளிக்கிழமைகளிற் கூடுவது வழக்கம். புதுத் தவணையின் முதற் கூட்டத்தில் அந்தப் பதினொருவர் வகுப்பைப் பற்றி நாம் ஒரு சிறு கட்டுரை வாசிக்க உடன்பட்டிருக்கின்றோம். எமக்கு இருபது நிமிடமும் கேள்விகளுக்கு நாற்பது நிமிடமும் ஒதுக்கும்படி கேட்டுள்ளோம். கூட்டத்துக்கு அக்கிராசனம் வகிக்கப் போகிறவன், வினா எழுப்பிய அம்மாணவனே.